மேல்நோக்கித் தடவிய கை

காத்தாயி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் தோட்டத்துத் தபால்காரர் பெருமாள். பதுளைத் தபால் கந்தோருக்குப் போகிற வழியில், கடைவீதியில் இருக்கும் என் அண்ணனின் துணிக்கடை வாசலில் நின்று, தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் சொன்னார்.

"மருந்தய்யா, ஆஸ்பத்திரி காத்தாயி நேத்து பொழுது சாயப் போயிட்டாங்க. மூணு நாள் காச்ச. இன்னிக்கு மூணு மணிக்கு எடுக்குறாங்க."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கையில் வைத்திருந்த முழக்கோலைக் கீழே வைக்க மறந்துவிட்டேன் என்று அண்ணன் பிறகு சொன்னார். எனக்கு நினைவிருப்பது கோபம்தான். மூன்று நாள் காய்ச்சலாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. போயிருந்தால் நான் என்ன கிழித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

காத்தாயியை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் கையில் இது கிடைத்தாலும் புரியட்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் நான் பத்தொன்பது வருடம் மருந்து கொடுப்பவனாக வேலை பார்த்தேன்; அண்ணன் கடைக்கு வந்தது அதற்குப் பிறகு. டாக்டர் அல்ல. தோட்டத்து மக்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயங்களில் யாரும் அந்த வித்தியாசம் பார்த்ததில்லை, நானும் திருத்தியதில்லை. காத்தாயி அங்கே பணிப்பெண். கூட்டுவது, தண்ணீர் தூக்குவது, பிரசவத்துக்கு நிற்பது எல்லாம் அவர்தான். அத்தனை வருடமும் நான் அவரை "ஏ காத்தாயி, வா, போ" என்றே கூப்பிட்டேன். இன்றைக்கு "அவர்" என்று எழுதுவதைப் பார்த்துச் சிலர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் பதுளை வரைக்கும் தெரிந்ததற்குக் காரணம் கால்வீக்கம். யானைக்கால் என்று நாம் சொல்கிற அந்த வீக்கத்தோடு எங்கள் தோட்டத்தில் ஏழு ஆண்கள் இருந்தார்கள். கான் வெட்டுகிற சடையன் அவர்களில் ஒருவர். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் வடிவதற்கு வெட்டுகிற வாய்க்காலைத்தான் கான் என்போம். செங்குத்தான சரிவில் நின்று செய்ய வேண்டிய வேலை அது. சடையனுக்குக் கால் ஒவ்வொன்றும் சாக்கு மூட்டையாகக் கனத்தது.

எங்கள் மக்களுக்கு எந்த நோவானாலும் இறக்கியாக வேண்டும். தேள் கொட்டினால் வேப்பிலையால் தலையிலிருந்து கால் வரைக்கும் இறக்குவார்கள். பேய்க்காற்றின் சேட்டை என்றாலும் அப்படித்தான். கெட்டது எதுவானாலும் பாதத்தின் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும் என்பது எண்ணம். ஆகவே கால் வீங்கினால் எண்ணெய் போட்டு, தொடையிலிருந்து விரல் வரைக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு உருவுவார்கள். இங்கிலீஷ் வைத்தியம் படித்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த நானும் அதையேதான் செய்யச் சொன்னேன். எண்ணெய்க்குப் பதில் களிம்பு, அது ஒன்றுதான் என் கெட்டிக்காரத்தனம்.

ஒருநாள் நான் பின்கட்டுக்குப் போனபோது, காத்தாயி சடையன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, களிம்பு இல்லாமல், விரல்களை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். அதுவும் கீழிருந்து மேலே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தேய்க்கச் சொன்னா தடவிக் கொடுக்கிறியா? தாலாட்டும் பாடேன்" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. "அமுக்கித் தேச்சா உள்ள இருக்கிறது நவுராதுங்கய்யா, தோலுதான் புண்ணாப் போவும். தோலு மட்டும் நவுந்தாப் போதும்."

"மேல எதுக்குத் தள்ளுற?"

அதற்கு அவர் என்னிடம் பேசாமல் சடையனிடம் பேசினார். "ஏந்தம்பி, கானு அடச்சுக்கிட்டா எங்கேருந்து தொறப்ப?"

சடையன் யோசிக்கவே இல்லை. "தண்ணி போய்ச் சேர்ற முனையத்தான் மொதல்ல தொறக்கணும். இந்தப் பக்கத்துலேருந்து வாரிக்கிட்டுப் போனா சேறு அங்கனயே குமியும்."

"அதாங்கய்யா" என்றார் காத்தாயி. "ஒடம்புல தண்ணி மேலதான் போவுது. நான் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டேன். மொதல்ல தொட இடுக்கு, அப்பறம் தொட, அப்பறம் முழங்காலு. பாதம் கடைசி."

தொடை இடுக்கையும் தொடையையும் அவரவர் கையாலேயே தடவிக்கொள்ளச் சொல்லிவிடுவார். முழங்காலுக்குக் கீழேதான் அவர் கை. அப்படியும் லயத்தில் வாய்கள் சும்மா இருக்கவில்லை. தடவி முடித்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்துக் காயவிட்டு, பழஞ்சேலைக் கிழிசலால் பாதத்திலிருந்து மேலே சுற்றிக் கட்டுவார். நான் முறைத்துவிட்டுப் போய்விட்டேன். தடுக்காமல் போனது என் வாழ்க்கையில் நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று. சோம்பலால் செய்ததுதான்.

அந்த மழைக்காலத்தில் தோட்டத்துத் துரை ஓர் உத்தரவு போட்டார். கால் வீங்கிய ஏழு பேரும் மலை ஏற லாயக்கில்லை, குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டியது என்றார். பெரிய டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஊருக்குப் போ என்று சொல்வது லேசு. சடையன் இந்த மலையில் பிறந்தவர். கடலுக்கு அந்தப் பக்கம் எந்த ஊர், எந்தத் தெரு என்று அவருக்குச் சொல்லக்கூடத் தெரியாது. நாலு பிள்ளைகள். உத்தரவைக் கேட்டவர், "எந்த ஊருக்குங்கய்யா?" என்று என்னிடமே கேட்டார்.

பெரிய டாக்டர் பதுளையிலிருந்து வந்தபோது நான் துணிந்து வாயைத் திறந்தேன். சடையனுக்குக் கொஞ்சம் வடிந்திருக்கிறது, பணிப்பெண் ஒருத்தி தடவிவிடுகிறாள், பொறுத்துப் பார்க்கலாமே என்றேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் சுலபத்தில் நம்பமாட்டார். படுத்துக் கிடந்தாலே வீக்கம் வடியும், பருவம் மாறினாலும் வடியும், தடவித்தான் வடிந்தது என்று எப்படிச் சொல்வாய் என்று இங்கிலீஷில் கேட்டார். கதவருகே நின்ற காத்தாயி, டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப ஒத்தக் கால மட்டும் தடவுறேங்க" என்றார். "இன்னொண்ணு சும்மா கெடக்கட்டும். மழையும் வெயிலும் ரெண்டு காலுக்கும் பொதுதானுங்களே."

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழு பேருக்கும் இரண்டு கால்களிலும் வீக்கம் இருந்தது. கூடுதலாக வீங்கிய காலைத் தடவுவது, மற்றதைத் தொடாமல் விடுவது, இரண்டு மாதம் கழித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அளவு எடுப்பதற்கு அவர் என்னையும் நம்பவில்லை, தன்னையும் நம்பவில்லை. உனக்கு வடிய வேண்டும் என்று ஆசை, எனக்கு நீ தோற்க வேண்டும் என்று ஆசை, இரண்டு பேரும் வேண்டாம் என்றார். பங்களாவில் திரைச்சீலை தைக்க வந்திருந்த தையற்காரர் ராவுத்தரைக் கூப்பிட்டு, விஷயம் எதுவும் சொல்லாமல், விடியற்காலையில் பதினாலு கால்களையும் அளக்கவைத்தார். அளவுத்தாளைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதமும் அதே பையில்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் சடையனுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, "வெசத்த நெஞ்சுக்கு ஏத்திட்டா, எம் புருசனக் கொல்லப் போறா" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். நான் பயந்துவிட்டேன். எல்லாவற்றையும் நிறுத்து என்று காத்தாயியிடம் கத்தினேன். அவர் அமைதியாக, "காச்ச இருக்கயில நானே தொட மாட்டேங்க. ஆனா இது நான் தொட்டதால வந்ததான்னு ஒங்க பொஸ்தகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றார். ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் புரட்டினேன். தடவத் தொடங்குவதற்கு முன்பே அதே சடையன் அதே காய்ச்சலோடு பலமுறை வந்திருந்தார். எழுதியிருந்தது என் கையெழுத்தில். மூன்று நாளில் காய்ச்சல் விட்டது, காத்தாயி மறுபடி உட்கார்ந்தார். சடையன் மனைவி மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமலே போய்வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த அடி என்னால் விழுந்தது. பதற்றம் தாங்காமல் வாரத்துக்கு ஒருமுறை நானே அளந்து பார்த்தேன். ராவுத்தருடைய அளவு டாக்டர் பையில் இருந்தாலும், அன்று அவர் அளந்தபோது நான் பக்கத்தில் நின்று மனதில் வாங்கிக்கொண்டிருந்தேன். தடவிய கால் அப்படியே இருந்தது. தடவாத கால் முன்னைவிடப் பெருத்திருந்தது. மூன்று வாரம் பார்த்துவிட்டு, தோற்றுப்போனோம், டாக்டருக்கு நானே எழுதிவிடுகிறேன் என்று காத்தாயியிடம் சொன்னேன்.

"நீங்க எப்பங்கய்யா அளக்குறீங்க?" என்று கேட்டார்.

"நீ தடவுறதுக்கு முன்னாடிதான். சாயங்காலம், அவங்க வேலை விட்டு வந்ததும்."

"ராவுத்தரு எப்ப அளந்தாரு?"

கையிலிருந்த அளவு நாடாவைக் குனிந்து பார்த்தேன்.

"நாள் பூரா மலையில நின்னுட்டு வந்த காலும், பாயிலேருந்து எந்திரிச்ச காலும் ஒண்ணுங்களா? அன்னிக்கு வெடியக்காலையில அளந்தாங்க. வெடியக்காலையில அளந்து பாருங்க."

மறுநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்பே, ஏழு பேரையும் பாயிலிருந்து எழுப்பி நேரே கூட்டிவந்து அளந்தேன். தடவிய கால்கள் ஏழும் இறங்கியிருந்தன. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி சிரித்தேன். பள்ளிக்கூடம் போன எனக்கு உறைக்காதது, எழுத்துத் தெரியாத அவருக்கு உறைத்தது. என் மூக்கு உடைந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இரண்டு மாதம் கழிந்து டாக்டர் வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் பார்க்கலாம் என்று பங்களாவிலிருந்து சொல்லியனுப்பினார். மத்தியானம் கூடாது, விடியற்காலைதான் என்று நான் போய்ச் சொன்னேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கூடத்தின் குறுக்கே இரண்டு கம்பளிகளைச் சேர்த்துத் திரையாகக் கட்டினோம். மழைக்குப் போர்த்துகிற தோட்டத்துக் கம்பளிதான். திரைக்கு அந்தப் பக்கம் நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து, கால்களை மட்டும் அடியில் நீட்ட வேண்டும். இந்தப் பக்கம் ராவுத்தர் முட்டி போட்டு அளப்பார். யாருடைய கால், எந்தக் கால் தடவியது என்று அவருக்குத் தெரியாது. காத்தாயி கண்ணைக் காட்டிவிடுவார் என்று அவரை வாசலுக்கு வெளியே நிற்கவைத்தார்கள். துரையும் வந்திருந்தார். பெரிய கங்காணி வீரமுத்து கதவோரம் நின்றார்.

ராவுத்தர் அளந்து அளந்து சொன்னார், டாக்டர் எழுதினார். மூன்றாவது ஆளுக்கு ராவுத்தர், "இவருக்குக் கால்சட்டை தச்சா ரெண்டு காலுக்கும் தனித்தனியா வெட்டணும்" என்றார். ஏழு பேரும் முடிந்ததும் டாக்டர் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தடவிய கால் ஏழிலும் குறைந்திருந்தது. தடவாத கால் ஏழும் ஏறக்குறைய இருந்தபடியே இருந்தன. சடையனுக்குப் பெரிய காலே சின்னக் காலாகிவிட்டது. டாக்டர் இரண்டாவது தடவையும் சரிபார்த்தார், பிறகு தலையை ஆட்டினார்.

துரைதான் விடவில்லை. இரண்டு மாதத்தில் வடிந்தது சரி, நாளைக்கு மலை ஏறினால் மறுபடி வீங்காதா, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். டாக்டர் மறுபடி தாளைப் புரட்டினார். கங்காணிக்காக நான் அதைத் தமிழில் சொன்னேன். வாசலில் நின்ற காத்தாயிக்கும் கேட்டிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில், கம்பளிக்கு அடியில் எட்டாவதாக இரண்டு கால்கள் நீண்டன.

ராவுத்தர் எண்ணிக்கை வைத்திருக்கவில்லை, அவர் பாட்டுக்கு அளந்தார். "இது பொம்பளக் கால். ரெண்டும் ஒரே அளவுதான். ஆனா இடது காலச் சுத்தி வளையம் போட்ட மாதிரி ஒரு பள்ளம் இருக்குங்க." கங்காணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து காத்தாயி பேசினார். "அது கால்தண்ட இருந்த எடம். கால் வீங்கி, தண்ட சதைக்குள்ள போயிருச்சு. பன்னண்டு வருசத்துக்கு முந்தி நம்ம ஸ்டோர்லதான் அறுத்தாங்க. அறுத்தவரு இருக்காரு, கேட்டுப் பாருங்க. அன்னியிலேருந்து நானே தடவிக்கிறேன். நான் ஏறாத மல இந்தத் தோட்டத்துல இல்லிங்க. என்னையும் சேத்து ஊருக்கு அனுப்புறதுன்னா அனுப்புங்க. மறுபடி வீங்கும்னு மட்டும் சொல்லாதீங்க."

தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம்; அங்கிருந்து, தண்டையை அறுத்த கொல்லரை அழைத்துவந்தார்கள். கால் எவ்வளவு பருமனாக இருந்தது என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். இந்த விஷயம் அன்று காத்தாயியை ஸ்டோருக்குக் கூட்டிப்போன கங்காணிக்கும் கொல்லருக்கும்தான் தெரியும், பன்னிரண்டு வருடமும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலேயே வேலை செய்த நான் ஒருநாளும் அந்தக் காலைப் பார்த்ததில்லை. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். ஏழு பேருக்காகத் தன் ரகசியத்தை அவர் துரைக்கு முன்னால் நீட்டிவிட்டார், அதுவும் எட்டாவது பெயராகத் தானும் சேர்ந்துவிடலாம் என்று தெரிந்துகொண்டே.

பெரிய டாக்டர் கம்பளியை விலக்கினார். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, அந்தப் பள்ளத்தைச் சுற்றி விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்து துரையிடம், இவர்களில் யாரையும் எங்கேயும் அனுப்பத் தேவையில்லை, நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். துரை கொல்லரை இன்னொருமுறை பார்த்துவிட்டு, அப்படியானால் இருக்கட்டும் என்றார். அன்று சாயங்காலம் லயத்தில் தப்பு மேளம் அடித்தார்கள். தீபாவளிக்குக்கூட அப்படி அடித்து நான் கேட்டதில்லை. சடையன் மனைவி ஒரு செம்பு தேநீர் கொண்டுவந்து காத்தாயி கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஏழு பேரின் மற்றக் காலையும் மறுநாளே தடவத் தொடங்கினார்.

பிறகு டாக்டர், ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து என்னைப் போன்ற இரண்டு மருந்துக்காரர்களைப் பழகுவதற்கு அனுப்பினார். கோட்டும் கடிகாரச் சங்கிலியுமாக வந்து நின்றார்கள். காத்தாயி அவர்களிடம் சொன்ன முதல் வார்த்தை, "கையக் காட்டுங்க, நகத்தப் பாக்கணும்" என்பதுதான். நகத்தை ஒட்ட வெட்டவைத்து, கை கழுவவைத்து, ஒரு வாரம் அவர்களை என் முழங்கையிலேயே தடவிப் பழகவைத்தார். "அய்யாவுக்கு வலிச்சா நீங்க தப்பாத் தடவுறீங்கன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டார். வேண்டுமென்றே நான் அடிக்கடி முகத்தைச் சுளித்தேன்.

இனி அன்றைய நாளுக்கு வருகிறேன். பெருமாள் சொல்லிவிட்டுப் போனதும், கடையிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு, கிடைத்த லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். பூனாகலையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் தலைமாட்டில் இருந்தாள். குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி விழ வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து மேலே போட்டால்தான் தூக்குவார்கள். காத்தாயியின் பிறந்த வீடு கும்பகோணத்துப் பக்கம். அங்கே யார் இருக்கிறார்கள் என்று மகளுக்கே தெரியாது.

சடங்கு செய்த பெரியவர், "பொறந்த வீட்டுக் கோடி யாரு போடுறது?" என்று கேட்டார்.

சடையன் முன்னால் வந்தார். கையில் புதுச்சேலை. "நான் போடுறேன்."

"நீ அவங்களுக்கு என்ன முற?"

"தம்பி" என்றார் சடையன். "இவங்க இல்லாட்டி நான் எந்த ஊருல இருந்திருப்பேனோ. இங்க இருக்கேன்ல, நான் போடுறேன்."

அவர் போட்டு முடிப்பதற்குள் பழனியாண்டி வந்து நின்றார். அந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். அவர் கையிலும் ஒரு சேலை. பெரியவர் அவரிடமும் முறை கேட்டார், அவரும் தம்பி என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். ஏழு பேரில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், மிச்சம் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து போட்டார்கள். மூன்றாவது ஆளுக்குப் பிறகு பெரியவர் முறை கேட்பதை நிறுத்திவிட்டார். துரை ஊருக்கு அனுப்பியிருந்தால் இவர்களில் ஒருவரும் அன்று அந்த வாசலில் இருந்திருக்கமாட்டார்கள்.

கொண்டுபோன சேலையை மகள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கலாம் என்றுதான் நான் போயிருந்தேன். என் கால்கள் என்னைக் கேட்காமலே வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தின. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"நீங்களுமாங்கய்யா?" என்றார் பெரியவர்.

"ஆமா. எனக்கும் அக்காதான்" என்றேன்.

காத்தாயி உயிரோடு இருந்தபோது அந்த வார்த்தையை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இனி அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அவருடைய தம்பிமார் ஆறு பேர். நான் ஆறாமவன்.